கிளாட் தேர்வு: இங்கிலீஷைக் கண்டு தயங்காதீங்க!

மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையிலிருந்து…



தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நம்ம திருச்சியிலேயே இருக்கு. ஆனா உள்ளே போக கிளாட் தேர்வு எழுதணும். முழுக்க இங்கிலீஷ். 120 கேள்வி, 2 மணி நேரம். பத்தியைப் படிச்சுத்தான் பதில் சொல்லணும். தப்பான விடைக்குக் கால் மார்க் போயிடும்.

தமிழ் மீடியம்னு ஒதுங்கிடாதீங்க. தினமும் ஒரு இங்கிலீஷ் தலையங்கத்தைக் கடிகாரம் வச்சுப் படிங்க. காதுக்கும் வேலை கொடுங்க. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 முதல் நேரலையில வருது, கட்டணம் கிடையாது. பத்து நிமிஷம் கேளுங்க. புரிஞ்சதைத் தமிழ்ல நாலு வரி எழுதுங்க. காதுக்குப் பழகின வார்த்தை, கேள்வித்தாள்ல மிரட்டாது.

நம்ம ஊர்க் கல்லூரியில நம்ம பிள்ளைங்க உட்காரணும். படிப்போம்! வெல்வோம்!