பாலத்தின் விலை யாது?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலைக்குப் போவோர் ஒருகாலத்தில் துறைதோறும் 'பாதை'க்குக் காத்துநின்றதைப் பெரியோர் அறிவர். 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் சவூதி அரேபிய நிதியுதவியோடு திறக்கப்பட்டது. பின்னர் வெருகல் கங்கைக்கும் பாலம் வந்தது. நோயாளியும் நெல்மூட்டையும் மீன்பெட்டியும் இன்று துறையில் காத்துக் கிடப்பதில்லை. இது வரவு.

செலவோ, கட்டிமுடித்த நாளோடு தீர்வதில்லை. உப்புக்காற்றும் உவர்நீரும் கொங்கிறீற்றினுள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பது. ஆதலால் கொங்கிறீற்றில் வெடிப்பு விழும். மகாவலி வெள்ளமோ தூணடி மண்ணை அரிக்கும். வெடிப்பைத் தொடக்கத்திலேயே அடைப்பது சிறுசெலவு. கம்பி இற்றபின் செப்பனிடுவது பெருஞ்செலவு. ஆகவே, கட்டிய செலவோடு ஆயுள் முழுவதும் பராமரிக்கும் செலவையும் கூட்டினால் வருவதே பாலத்தின் மெய்யான விலை.

இளைஞர்களே! ஒவ்வொரு மாரி முடிவிலும் பாலத்தடியைப் பாருங்கள். வெடிப்போ அரிப்போ கண்டால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதுங்கள். திறப்பு விழாவுக்குக் கூடுவது போலப் பராமரிப்புக்கும் கூடுவோமாக. மீண்டும் துறையில் காத்துநிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது.