ஏட்டுப் பிழையும் எமது கடமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



வன்னி மண்ணிலே பிறந்தவர்களுக்குக் குளக்கட்டைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரணைமடுவாயினுஞ் சரி, வவுனிக்குளமாயினுஞ் சரி, ஊர்ச் சிறு குளமாயினுஞ் சரி, கட்டிலே நண்டு துளைத்த வளையைக் கண்ட கமக்காரன் அதை அடைத்துவிட்டே அப்பாற் செல்வான். இது யாருடைய வேலை என்று கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகைய சிறு வளைகளைப் பற்றியதே. கணினிக் கட்டளைகளை விளக்கும் கைந்நூல்களில் உள்ள சிறு பிழைகளைத் திருத்துவதே அப்பொருளாகும்.

பெரியோர்களுக்காக ஒரு விளக்கம். படங்களைத் தொட்டுக் கணினியை இயக்குவது ஒரு முறை. எழுத்தாற் கட்டளை தட்டி இயக்குவது மற்றொரு முறை. அவ்வெழுத்துக் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். கட்டளைகள் எத்தனையோ உள. ஒவ்வொன்றுக்கும் பல தெரிவுகள் உள. அனைத்தையும் மனனஞ் செய்தார் எவருமில்லை. ஆகவே, வல்லுநரும் கைந்நூலைப் பார்த்தே எழுதுகின்றனர். அந்தக் கைந்நூல் பிழைத்தால் என்ன செய்வது?

நாம் நடத்திய மாலை வகுப்பிலே நடந்ததொன்றைக் கூறுகின்றோம். ஒரு கட்டளைக்கு உதவிக் குறிப்புக் கேட்பதற்கு அதன்பின் இரண்டு சிறு கோடுகளிட்டு 'ஹெல்ப்' என்று எழுதவேண்டும். நாம் அச்சிட்டுக் கொடுத்த தாளிலோ, இரண்டு கோடுகளும் ஒட்டி ஒரே நீண்ட கோடாகிவிட்டன. தட்டெழுதும் நிரல் அழகு கருதித் தானாகச் செய்த மாற்றம் அது. நாமும் கவனிக்கவில்லை. ஒரு மாணவன் தாளிற் கண்டபடியே ஒரு கோட்டைத் தட்டினான். 'செல்லாத தெரிவு' என்றது கணினி. மூன்று மாலை முயன்றான். நான்காம் நாள் வரவில்லை. வீடு தேடிச் சென்றபோது, "எனக்கு இங்கிலீசும் வராது, கொம்பியூட்டரும் வராது அண்ணை" என்றான்.

அன்பர்களே, பிழை எமது தாளில் இருந்தது. பழியை அந்தப் பிள்ளை தன் தலையிலே சுமந்தான். அச்சில் உள்ளது பிழையாயிருக்கும் என்று அவன் எண்ணவேயில்லை. பெரிய பிழையை எவரும் கண்டுபிடித்துவிடுவர். சிறு பிழையோ கற்பவனைத் தன்னையே ஐயுறச் செய்கின்றது. நாம் பிழையை ஒப்புக்கொண்டு, தாளைத் திருத்தி, அவனை அழைத்து வந்தோம். எமது தாளுக்கு மூலமாயிருந்த குறிப்பிலும் அதே பிழை இருக்கக் கண்டு, அதைப் பேணுவோருக்கு இரண்டு வரி எழுதினோம். அவர்களும் திருத்தினர்.

ஒரு கோட்டின் கதை இது. ஓர் இடைவெளியின் கதையும் உண்டு. 2011ஆம் ஆண்டிலே, 'பம்பிள்பீ' என்னும் நிரலை நிறுவுவதற்கான கட்டளைத் தொடரில், அழிக்கவேண்டிய அடைவின் பெயருக்கு நடுவே ஒரு வெற்றிடம் தவறிப் புகுந்துவிட்டது. ஒரு சிறு அடைவை அழிக்கவேண்டிய கட்டளை, நிரல்கள் பல குடியிருக்கும் பெரிய அடைவு முழுவதையும் அழிக்கும் கட்டளையாயிற்று.

தமிழருக்கு இது புதுமையன்று. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தாற் செய்த பலகை. ஒரு புள்ளியெழுத்து யானையையே கொண்டு வந்துவிடுகின்றது. ஏட்டுச் சுவடிகளிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இடுவதில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமையும் இல்லை. 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்த நாவலர் பெருமானும், 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் இத்தகைய ஏடுகளோடுதான் போராடினர். பல பிரதிகளை ஒப்புநோக்கி, ஓரெழுத்துக்காக நாட்கணக்கில் உழைத்த பரம்பரை எம்முடையது.

கைந்நூல் எழுதியோரும் பிழையை மறைத்தாரல்லர். 'யுனிக்ஸ்' என்னும் இயங்குதளத்தின் முதற் கைந்நூல் 1971 நவம்பர் 3ஆந் தேதியிட்டு வெளிவந்தது. கட்டளைகளின் குறைகளைச் சொல்வதற்கென்றே அதில் ஒரு தலைப்பு இருந்தது. 1989இல் வெளிவந்து இன்றும் பெருவழக்கிலுள்ள 'பாஷ்' என்னும் ஷெல்லின் கைந்நூல், அந்நிரல் மிகப் பெரியது, மிக மெதுவானது என்று தானே ஒப்புக்கொள்கின்றது. பிழையை அறிவிப்பதற்கென ஒரு கட்டளையும் அதனுடன் வருகின்றது. கணினி அறிஞர் டொனால்ட் குனூத், தம் நூலிற் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 சதத்துக்குக் காசோலை அனுப்பி வந்தார். பெற்றவர் பலர் அதை வங்கியில் மாற்றாது, சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர்.

ஆயினும், திருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலாவது, பிழை நூலிலா, நம் விளக்கத்திலா என்பதை ஆராய வேண்டும். கட்டளையை நாமே தட்டிப் பார்க்க வேண்டும்; எந்தப் பதிப்பு என்பதையுங் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, எந்த வரி, இப்போது எப்படி உள்ளது, எப்படி இருக்கவேண்டும், ஏன் என்பவற்றைச் சுருக்கமாக எழுத வேண்டும். மூன்றாவது, ஒரு திருத்தத்தோடு பத்து அபிப்பிராயங்களைக் கலக்கலாகாது. நான்காவது, பணிவு. பேணுவோர் பலர் ஊதியமின்றி உழைப்பவர். அவர்கள் மறுத்துக் காரணங் கூறினால், அதுவும் எமக்கு ஒரு பாடமே.

பெரியோர் எழுதியதில் யாம் கை வைப்பதா என்று சிலர் தயங்கலாம். குற்றங் கண்டுபிடித்து நகைப்பது வேறு. குற்றங் களைந்து கொடுப்பது வேறு. பின்னையது நூலாசிரியருக்குச் செய்யும் மரியாதையேயாம்.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. வவுனியாவுக்கு 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. கட்டளைகளைச் சில உதாரணங்களோடு சுருக்கி விளக்கும் 'டிஎல்டிஆர்' என்னும் பொதுத் தொகுப்பிலே தமிழ்ப் பக்கங்களும் உள. அவற்றைத் திருத்தவும் பெருக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கவனமுந் தமிழறிவும் போதும். வாலிபர் கட்டளையைச் சோதிக்கட்டும். தமிழ் கற்ற பெரியோர் வசனத்தைப் பார்க்கட்டும். மாதம் ஒரு மாலை இதற்கென ஒன்றுகூடினாற் போதுமானது.

நாம் அடைக்கும் வளையை எவரும் அறியமாட்டார். ஆயினும், எங்கோ ஒரு பிள்ளை தாளிற் கண்டபடி தட்ட, கணினி சரியாக விடை சொல்லும். தனக்கு இது வராது என்ற எண்ணம் அப்பிள்ளைக்கு எழாது. அந்தப் பயன் எமக்குப் போதும்.