மரச்சிற்பக் கலையும் நம் கடமையும்

(வண்டலூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேர் வடத்தைப் பற்றி இழுப்போர் பலர். அத்தேரின் இலுப்பை மரத்திலும் தேக்கிலும் செதுக்கிய திருவுருவங்களை நின்று நோக்குவோர் சிலர். செதுக்கிய கையை நினைப்போர் மிகச் சிலரே. அக்கை நம்முடையது எனப் பெருமை பேச யாம் எழுந்தோமில்லை. அது நாளைக்கும் தொழில் செய்யுமோ என்பதே எம் கவலை. உளி தீட்டும் முறையை எம் வகுப்பில் வினவியபோது நம் குலப் பிள்ளைகளும் வாளாவிருந்தனர்.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பியர் ஒரே மரக்கட்டையில் இணைப்பின்றித் திருவுருவம் செதுக்குகின்றனர். அச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அஃது ஊர்ப்பெயரைப் பிறர் கவராமற் காக்கும். ஆனால் கற்பார் இல்லையேல் தொழிலைக் காக்க அதனால் இயலாது.

தந்தை மகனுக்கே கற்பித்தல் முன்னோர் முறை. மகன் வேறு அலுவல் நாடிச் செல்லும் இக்காலத்தில் அம்முறையே கலைக்கு இடையூறாயிற்று. நமக்கு அண்மையதாகிய மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டு தோன்றிய அரசினர் சிற்பக்கலை நிலையம் இன்று கல்லூரியாய், குலம் வினவாது, கல், மரம், உலோகம் ஆகியவற்றில் சிற்பம் கற்பிக்கின்றது. அதனால் நம் புகழ் குறைந்ததோ? வளர்ந்ததன்றோ!

ஆதலின் ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதிய ஸ்தபதி ஒருவரை அழைத்து, மாமரத்துண்டும் சிற்றுளியும் கொட்டாப்புளியும் அளித்து, நம்மவர் பிறர், ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி இவ்வூர்ப் பிள்ளைகள் யாவர்க்கும் கற்பிப்போம். இழைக்கு எதிராக உளி செலுத்தின் சிராய் எழும் என்பதை அவர்கள் முதல் நாளிலேயே தம் கையால் உணரட்டும். அடுத்து ஒரு தாமரை மலரட்டும்.

இதற்கு இன்றே இசைவீர்களாக. விசுவகர்மப் பெருமான் திருவருள் துணை நிற்க.