எஞ்சினுக்குக் காத்திருக்கும் விமானங்கள்



பட்டமளிப்பு மேடையில் வெற்றிக் கதை சொல்வதுதான் வழக்கம். நான் இன்னும் முடியாத ஒரு வேலையைப் பற்றிப் பேசப்போகிறேன்: போர் விமானத்துக்கான ஜெட் எஞ்சினை நாமே செய்வது.

1961 ஜூனில் மாருத் போர் விமானம் முதல்முறை பறந்தது. குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தலைமையில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் வடிவமைத்தது. ஒலியை மிஞ்சும் வேகத்துக்காக வரைந்த உடல். ஆனால் அதற்கென்று நம்பியிருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சின் வரவே இல்லை. வலுக் குறைந்த ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். 1971 போரில் மாருத் நன்றாகவே உழைத்தது. வரைபடத்தில் இருந்த வேகம் மட்டும் கைகூடவில்லை.

பிறகு காவிரி எஞ்சின். 1989இல் சுமார் 382 கோடி ரூபாயில் பெங்களூரின் ஜி.டி.ஆர்.இ. ஆய்வகத்தில் தொடங்கியது. 2011இல் வெளிவந்த தணிக்கை அறிக்கையைப் பார்த்தால், ஒதுக்கீடு 2,839 கோடியாகியிருந்தது. 1,100 கிலோ இருக்க வேண்டிய எஞ்சின் 1,235 கிலோ இருந்தது. உந்துவிசையும் இலக்குக்குக் குறைவு. அதற்கு முன்பே, 2008இல், தேஜஸ் போர் விமானத் திட்டத்திலிருந்து காவிரியைப் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் இன்றும் அமெரிக்க எஃப்-404 எஞ்சினில்தான் பறக்கிறது.

சிரிப்பது சுலபம். எங்கே இடறியது என்று பார்ப்பதுதான் பொறியாளர் வேலை.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு டர்பைன் பிளேடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் மோதும் வாயு, அந்தப் பிளேடு எந்த உலோகத்தால் ஆனதோ அது உருகும் சூட்டைவிடச் சூடானது. சுழலும்போது ஒவ்வொரு பிளேடையும் பல டன் விசை வெளியே இழுக்கிறது. சாதாரண வார்ப்பில் உலோகம் சிறுசிறு மணிகளாக உறையும். அந்த மணிகளின் எல்லைகளில்தான் அது மெல்ல நீண்டு விரிசல் விடும். ஆகவே முழுப் பிளேடும் ஒரே படிகமாக உறைய வேண்டும். வெற்றிடத்தில் நிக்கல் கலவையைப் பீங்கான் அச்சில் ஊற்றி, அடியிலிருந்து குளிரவைத்து, அச்சை உலையின் சூடான பகுதியிலிருந்து மிக மெதுவாக இறக்குவார்கள். கீழே இருக்கும் ஒரு சுருள்வழி, போட்டியிட்டு வளரும் படிகங்களில் ஒன்றை மட்டும் மேலே விடும். உள்ளே குளிர்காற்று ஓடும் நுண்வழிகளுக்குத் தனியாக ஒரு பீங்கான் கரு. வார்த்தபின் அதைக் கரைத்து எடுக்க வேண்டும். இத்தனையும் சரியாக நடந்தும் எக்ஸ்ரேயில் ஒரு குறை தெரிந்தால், பிளேடு கழிவுக் கூடைக்குப் போகும்.

இது புத்தகத்தில் இருக்கிறது. இறக்கும் வேகத்தை எந்தக் கலவைக்கு எவ்வளவு மாற்றுவது என்பது இல்லை; அதைச் செய்துபார்த்துத்தான் கற்க வேண்டும். ஐதராபாத்தின் டி.எம்.ஆர்.எல். ஆய்வகம் 2021இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக இத்தகைய 60 பிளேடுகளை எச்.ஏ.எல்.லிடம் கொடுத்தது. நாளிதழில் சிறு செய்தியாக வந்து போனது. என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் பெரிய செய்திகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு இடறல் சோதனை வசதி. 2010 நவம்பரில் காவிரியை இல்யூஷின்-76 விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டபோது, அது நடந்தது மாஸ்கோவுக்கு அருகே. ஒரு மாற்றம் செய்தால் எஞ்சினைப் பெட்டியில் கட்டி அயல்நாட்டுக்கு அனுப்பி, அவர்கள் நாள் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றால், தப்பு செய்து திருத்திக்கொள்ள எத்தனை வாய்ப்புக் கிடைக்கும்? சோதனைக் கூடத்தை முதலில் கட்டாமல் எஞ்சினைத் தொடங்கியதுதான் தவறு என்பேன். புது விமானத்தின் தலையெழுத்தைப் புது எஞ்சினோடு முடிச்சுப் போட்டது அடுத்த தவறு.

இந்தத் தவறுகளின் விலை இப்போது தெரிகிறது. 2021இல் தேஜஸ் மார்க்-1ஏவுக்கு 99 எஞ்சின் வாங்க ஒப்பந்தம் போட்டோம். முதலாவது வந்தது 2025 மார்ச்சில். 2025 ஆகஸ்டில், பிரான்சின் சாஃப்ரானோடு சேர்ந்து இங்கேயே எஞ்சின் உருவாக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். நல்லது. ஆனால் கழிவுக் கூடையில் விழுந்த பிளேடுகள் கற்றுக்கொடுத்ததை எந்த ஒப்பந்தமும் பக்கம் போட்டு எழுதித் தராது.

உங்களில் பலர் மென்பொருள் வேலைக்குப் போவீர்கள். குறை சொல்லமாட்டேன், சம்பளம் அங்கேதான் இருக்கிறது. உலோகவியலும் இயந்திரவியலும் படித்தவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். ஆய்வகங்களின் ஆளெடுப்பு அறிவிப்பைப் பார்த்தால் தள்ளிவிடாதீர்கள். சேரும்போது வடிவமைப்புப் பிரிவுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், வார்ப்புக் கூடத்தையோ சோதனைக் கூடத்தையோ கேட்டு வாங்குங்கள். ஆள் பற்றாக்குறை அங்கேதான்.