சேரி என்றொரு சொல்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் ஒரு சொல்லின் வரலாற்றை உங்கள்முன் வைக்க விழைகிறேன். அச்சொல் 'சேரி'.

சேர்ந்து வாழும் இடம் சேரி. சொல்லின் பிறப்பில் இழிவேதும் இல்லை. தொல்காப்பியர் 'புலன்' என்னும் வனப்பிற்கு இலக்கணம் கூறுங்கால், ஆராய்ந்து பொருள்காண வேண்டாதவாறு சேரிமொழியால் அமைவது என்றார். 921-ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு, அந்தணர் ஊராகிய அச்சதுர்வேதிமங்கலத்தின் 12 சேரிகளைக் குறிக்கிறது. நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கென இராசராசன் குடியமர்த்திய ஆடல் மகளிர் 400 பேரும் வாழ்ந்த தெருக்கள் தளிச்சேரி எனப்பட்டன. ஆனால் அதே கோயிலின் கல்வெட்டுகள், இறை நீக்கிய நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும், பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியாகவும் சுட்டுகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதியாயிற்று. பின்னாளில் மற்றச் சேரிகள் தெருக்களாயின; இவை மட்டும் சேரியாகவே நின்றன. அங்கு வாழ்ந்தோரைத் தாழ்த்தியதால் சொல்லும் தாழ்ந்தது.

காவிரிப் படுகையில் இப்பிரிவினைக்கு நிலவுடைமை காவலாயிற்று. அக்கிரகாரம் ஒருபுறம், குடியானவர் தெரு ஒருபுறம், வயலுக்கு அப்பால் சேரி. பண்ணையாளின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருக்கே உரியது. நெல் கூட்டிக் கேட்டால், 'மனையைக் காலி செய்' என்பது விடையாகலாம். கூலிப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், குடிசை நின்ற மனையை அதில் வாழ்ந்த உழவுத் தொழிலாளிக்கே உரிமையாக்கியது. அது பெரும்பேறுதான். எனினும் உரிமை கிடைத்த மனை பழைய இடத்திலேயே இருந்தது. வெளியேற்றப்படும் அச்சம் தணிந்தது. இடையில் கிடந்த வயலின் அகலம் குறையவில்லை.

நகரத்திற்குப் போனால் சாதி தெரியாது என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. நகரம் என்ன செய்தது? சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள், 2000-ஆம் ஆண்டு தொடங்கித் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டன. அங்கு 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தலைக்குமேல் கூரை கிடைத்தது. பழகிய வேலையும் பள்ளியும் தொலைவாயின. முகவரியைக் கேட்டதும் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர் பலர் கூறியுள்ளனர்.

அந்தப் பெயரை எண்ணிப் பாருங்கள். கண்ணகி நம் புகாரின் மகள். மதுரையை அடைந்தபோது அவள் முதலில் தங்கியது, மதிலுக்குப் புறத்தே அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில். இளங்கோவடிகளின் காதை ஒன்று அப்பெயராலேயே வழங்குகிறது. புறத்தே இருந்தவள்தான் நகருக்குள் வந்து நீதி கேட்டாள். இன்று அவள் பெயரையே ஒரு புறஞ்சேரி தாங்கி நிற்கிறது.

வேறு வழியும் உண்டு. 1998-இல் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்தின் 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், ஏனையவை பிற வகுப்பினருக்கும் கலந்து ஒதுக்கப்பட்டன. அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதைச் சாதி தீர்மானிக்காத தெருவை அமைக்க முடியும் என்பதற்கு அது சான்று. பழைய ஊர்களின் தெருக்களோ அப்படியே இருக்கின்றன.

கவிஞர் பெருமக்களே, காவிரியையும் பசும்பயிரையும் பாடுகிறீர்கள். நாற்று நட்ட கை மாலையில் எந்தத் தெருவுக்குத் திரும்புகிறது என்பதையும் பாடுங்கள். 'சேரிப்பேச்சு' என்று இகழும் வழக்கை நம் ஏடுகளிலிருந்தேனும் விலக்குங்கள். அதன் பெயரை இலக்கணம் வனப்போடு சேர்த்து வைத்திருக்கிறது. இனிவரும் ஆண்டுகளில் நம் கூட்டங்கள் வயலைக் கடந்தும் நடைபெறட்டும்; அங்குள்ள கவிஞர் தலைமை ஏற்க, நாம் அவையில் அமர்ந்து கேட்போம். சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருள் அச்சொல்லுக்கு மீள, நாம் எடுத்து வைக்கக்கூடிய முதல் அடி அதுவே.