பெரிய பழ ஸ்ட்ரோபரி: நம்ம லயத்து வாசலிலும் காய்க்கும்

(பெரகல பகுதித் தோட்டப் பிரிவு ஒன்றில் நடந்த மாதர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. வீட்டில அடுப்பு காத்துக்கிட்டிருக்கு. அதனால சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வாரேன்.

போன கூட்டத்திலே இளம் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள்: "சேர், போன்ல பெரிய பெரிய ராஸ்பெரிப் பழம் காட்டுறாங்க. அதை நம்ம வீட்டுத் தோட்டத்தில நடலாமா?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைய பேச்சு.

பெரிய சிவப்பு ராஸ்பெரி குளிர் நாட்டுச் செடி. மாரிகாலத்தில் இலையைக் கொட்டிவிட்டு அது தூங்க வேண்டும். பெரும்பாலான இனங்களுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழே சுமார் 800 மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் குளிர் வேண்டும். அப்படித் தூங்கி எழும்பினால்தான் ஒழுங்காகப் பூக்கும். பெரகலைக் குளிரும் அப்புத்தளைப் பனியும் நமக்குக் கம்பளித் தொப்பி போடப் போதும். அந்தச் செடிக்குப் போதாது. இலை விடும், கொடி நீளும், பழம் மட்டும் சரியாக வராது. அதனால பெரிய பழத்தின் படத்தைக் காட்டி யாராவது ராஸ்பெரிக் கன்று விற்க வந்தால், "இது எந்த ஊரில காய்ச்சது? தாய்ச் செடியைக் காட்டு" என்று கேளுங்க. காட்ட முடியாவிட்டால் காசை முந்தானையிலேயே முடிந்து வையுங்க.

ஆனால் அதே ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபரி நம்ம மலையில் நன்றாகக் காய்க்கும். அதற்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 25 பாகை வரை. நம்ம பக்கத்துக் காலநிலை அதுதான். பகல் நேரம் குறைவாக இருந்தால்தான் பூக்கும் இனங்கள் சில உண்டு. ஐரோப்பாவில் அவை கோடைகாலத்தில் புதுப் பூ விடுவதை நிறுத்திவிடும். நம்ம நாட்டிலே வருசம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான். ஆகவே மழையும் நோயும் விட்டால் பூ வந்துகொண்டே இருக்கும்.

நுவரெலியாவில் ஸ்ட்ரோபரி தொழிலாகவே நடக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். அப்புத்தளையில் இருக்கும் அடிஷாம் பங்களா உங்களுக்குத் தெரியும். 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டியது. 1960களிலிருந்து துறவிகளின் மடமாக இருக்கிறது. அங்கே விற்கும் ஜாம் போத்தலுக்காகவே ஆட்கள் தூர இடத்திலிருந்து வருகிறார்கள். அதில் ஸ்ட்ரோபரி ஜாமும் ஒன்று. துறவிகள் தோட்டத்தில் விளைவது நம்ம வாசலில் விளையாதா?

பெரிய பழம் வந்த கதை

காட்டு ஸ்ட்ரோபரி சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். இன்றைய பெரிய பழம் கப்பலேறிய கதை ஒன்று இருக்கிறது. பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் பிரேசியே என்பவர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயுள்ள பழங்குடி மக்கள் பெரிய பழம் தரும் ஸ்ட்ரோபரியைப் பல காலமாக வளர்த்து வந்தார்கள். 1714இல் அவர் ஐந்து செடியை உயிரோடு ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கப்பலிலே குடிநீருக்கே பஞ்சம். செடிக்குத் தண்ணீர் விட அனுமதித்த கப்பல் அதிகாரிக்குக் கூலியாக இரண்டு செடியைக் கொடுத்தாராம்.

பிரான்சில் அந்தச் செடிகள் பூத்தன; காய்க்கவில்லை. காரணம், வந்ததெல்லாம் பெண் செடி. பிறகு பிரெஸ்ட் நகரத்துப் பக்கம், வட அமெரிக்காவின் வேர்ஜீனியா ஸ்ட்ரோபரிக்குப் பக்கத்தில் நட்டபோதுதான் காய் பிடித்தது. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்று உலகமெல்லாம் விற்கும் பெரிய பழம். இப்போது வரும் இனங்களில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. ஒரு செடி இருந்தாலும் காய்க்கும். ஆனால் தேனீ வர வேண்டும். பழத்தின் மேலே விதை மாதிரிப் புள்ளிகள் இருக்கே, அந்த ஒவ்வொரு புள்ளிக்கும் மகரந்தம் போய்ச் சேர்ந்தால்தான் அந்த இடத்துச் சதை பருக்கும். சேராத இடம் சொத்தையாகக் கோணிப் போகும். பழம் கோணலாக வந்தால் செடியைத் திட்டாதீங்க. தேனீ வரவில்லை என்று அர்த்தம்.

பிள்ளைக்கும் தாய்க்கும் என்ன லாபம்?

நலன்புரி உத்தியோகத்தருக்கு ஸ்ட்ரோபரியோட என்ன வேலை என்று நினைக்கலாம். வேலை இருக்கு.

கிளினிக்கில் நம்ம தாய்மாருக்கும் குமர்ப் பிள்ளைகளுக்கும் அடிக்கடி சொல்லும் வார்த்தை "இரத்தம் காணாது" என்பது. இரும்புச்சத்துக் குறைவு. மலை ஏறினால் மூச்சு வாங்குது, தலை சுத்துது, பிள்ளை படிப்பில் சோருது என்று நீங்களே சொல்றீங்க. மாத்திரை கொடுக்கிறார்கள், கீரை சாப்பிடச் சொல்கிறார்கள். நாமும் றொட்டியும் பருப்பும் கீரையும் சாப்பிட்டு, அதே வாயோடு சாயத் தேத்தண்ணியைக் குடிக்கிறோம். சில பேர் மாத்திரையையே தேத்தண்ணியில் விழுங்குறாங்க.

தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலும் மாத்திரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. விற்றமின் சி அதற்கு நேர்மாறு. கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்க அது உதவும். 100 கிராம் ஸ்ட்ரோபரியில், அதாவது ஐந்தாறு பெரிய பழத்தில், ஏறக்குறைய 60 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கொய்யாப் பழத்தில் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கு. தேசிக்காயும் நல்லது. ஸ்ட்ரோபரி மட்டும் இரத்தம் ஊற வைக்கும் என்று நான் சொல்லவில்லை. கொய்யா மரத்துக்கு இடம் வேண்டும், காலம் வேண்டும். ஸ்ட்ரோபரிக்கு இஸ்தோப்பு ஓரத்தில் ஒரு முழம் இடம் போதும். நட்டு மூன்று நான்கு மாதத்தில் பழம் பார்க்கலாம். வா என்று கூப்பிடாமலே பிள்ளை வந்து தின்னும்.

ஆகவே இரண்டு வார்த்தையை மனசில வையுங்க: தேத்தண்ணியைத் தள்ளி வையுங்க, பழத்தைக் கிட்ட வையுங்க. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். தேயிலையில் பிழைக்கிற நாம் தேத்தண்ணியை விடத் தேவையில்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

நடுவது எப்படி?

முதலில் கன்று. பழத்தில் இருக்கும் விதையை முளைக்க வைத்தால் தாயைப் போலப் பழம் வராது. "பெரிய பழ விதை" என்று வரும் பக்கற்றுகளை நம்பாதீங்க. நல்லாகக் காய்க்கும் செடியின் ஓடுகொடியில் பிறக்கும் கன்றுதான் வேண்டும். சான்ட்லர் என்ற இனம் 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பழம் பெரிசு, மணமும் உண்டு. நம்ம மலைநாட்டுக்கும் வந்திருக்கு. இலையில் புள்ளி இல்லாத தாய்ச் செடியாகப் பாருங்க. ஓடுகொடியின் நுனியில் விடும் சின்னக் கன்றை, மண் நிரப்பிய யோகட் கப்பில் வைத்து, வளைந்த ஈர்க்கால் குத்தி விடுங்க. மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிறகு கொடியை வெட்டலாம்.

அடுத்தது மண். தேயிலை மண் புளிப்பு மண். ஸ்ட்ரோபரிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கின மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து, ஒரு பைக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் போட்டு இரண்டு வாரம் வையுங்க. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி இருந்த மண்ணை எடுக்காதீங்க. அவற்றின் வாடல் நோய் ஸ்ட்ரோபரிக்கும் வரும். பழைய அரிசிப் பை, மாப் பை, ஓட்டை வாளி எதுவானாலும் சரி. ஒரு சாண் ஆழமும் அடியில் ஓட்டையும் இருந்தால் போதும். ஒரு பைக்கு ஒரு கன்று. புது வீடு கிடைத்துப் போகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டே போகலாம்.

நடும்போது ஒரு விஷயம் முக்கியம். இலைகள் புறப்படும் நடுக்குருத்து மண் மட்டத்திலேயே இருக்க வேண்டும். புதைத்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் பழம் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். அதனால தையில் மழை குறையும்போது நடுங்க. சித்திரை, வைகாசியில் பழம் தொடங்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் ஆடி, ஆவணி வரண்ட காற்றில் பை சீக்கிரம் காயும். காலையில் வேரடியில் தண்ணீர் விடுங்க. இலை மேலே ஊற்ற வேண்டாம்.

பழம் பெருக்க வழி

முதலில் வரும் பூக்களைக் கிள்ளி விடுங்க. மனசு வராது, ஆனால் செடி பலப்பட வேண்டும். காய்க்கும் செடியில் ஓடுகொடியை வெட்டி விடுங்க. கன்றுக்கென்று இரண்டு செடியைத் தனியாக வைத்தால் போதும். ஒவ்வொரு பூங்கொத்திலும் முதல் பழம்தான் பெரிசாக இருக்கும். பின்னால் வருவது சிறுக்கும். அது செடியின் இயல்பு.

தேயிலைக்குப் போடும் யூரியாவைக் கொண்டுவந்து போடாதீங்க. இலை கொழுக்கும், பழம் குறையும், இருக்கிற பழமும் கூழாகும். மாதம் ஒரு பிடி கூட்டெரு, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் போதும். காய்ந்த மானாப் புல்லைச் செடியடியில் பரப்புங்க. பழம் மண்ணில் படாது, ஈரமும் நிற்கும். நத்தை, ஓடில்லா நத்தை வந்தால் இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குங்க. குருவிக்குப் பழைய வலை. இரண்டு மூன்று வருசத்தில் செடி கிழடாகும். புதுக் கன்று வையுங்க.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, மருந்து. ஸ்ட்ரோபரிக்குத் தோல் இல்லை. பிள்ளை பறித்த கையோடு வாயில் போடும். மலைக்கு அடிக்கும் மருந்தில் மிச்சம் என்று ஒரு சொட்டும் இதற்கு வேண்டாம். தேனீயும் செத்துப்போகும். மருந்துக் கேனைக் கழுவித் தண்ணீர் ஊற்றவும் எடுக்காதீங்க. கழுவினாலும் அது மருந்துக் கேன்தான்.

இரண்டு, மண். இடம் வேண்டும் என்று லயத்துக்குப் பின்னால் உள்ள கரையை வெட்டாதீங்க. தண்ணீர் ஓடும் கானை மண் போட்டு மூடாதீங்க. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மலையில் வாழ்கிறவர்கள் பத்துப் பழத்துக்காகக் கரையைத் தொடக்கூடாது. அதனாலதான் பையில் வையுங்க என்கிறேன்.

கணக்கு

நல்லாகக் கவனித்தால் ஒரு செடியில் ஒரு பருவத்துக்குக் கால் கிலோ எதிர்பார்க்கலாம். பத்துப் பை என்றால் இரண்டரைக் கிலோ. மூன்று மாதத்துக்குப் பிரித்தால் கிழமைக்கு 200 கிராம் மாதிரி. அதாவது இரண்டு பிள்ளைக்குக் கிழமையில் ஒரு தடவை ஆளுக்கு ஐந்தாறு பழம். இதை வைத்துப் பணக்காரராக முடியாது. விற்க வேண்டுமானால் நூறு பைக்கு மேல் வேண்டும். இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் செய்யலாம். அப்படி விற்கிறவர்கள் விடியற்காலையில் காம்போடு பறியுங்க, கழுவாமல் கொண்டுபோங்க. வெளியில் வைத்தால் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் நிற்காது.

ஆனால் ஒரு வேண்டுகோள். பெருந்தெருவில் நின்று பயணிகளுக்கு நல்ல பழத்தையெல்லாம் விற்றுவிட்டு, நசுங்கினதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. கொழுந்திலே நாம் அதைத்தானே செய்கிறோம்: நல்ல தூள் கப்பலேறுது, நம்ம கேத்தலில் மட்டத் தூள் கொதிக்குது. வாசலில் விளைவதிலாவது முதல் பழம் பிள்ளைக்கு, அடுத்தது வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு, மிச்சம் சந்தைக்கு என்று வைத்துக்கொள்ளுங்க.

வீட்டில் செடி உள்ளவர்கள் ஓடுகொடிக் கன்று இரண்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்க. இல்லாதவர்கள் மண் நிரப்பின பையைத் தயார் பண்ணி வையுங்க. பிள்ளைக் காம்பரா வாசலிலும் பத்துப் பை வைப்போம். தண்ணீர் ஊற்ற முறை போட்டுக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் இப்பவே கேளுங்க. கூட்டம் முடிந்து குடிக்கத் தேத்தண்ணி இருக்கு; மாத்திரை போட வேண்டியவர்கள் மட்டும் ஒரு மணித்தியாலம் பொறுத்துக்கொள்ளுங்க.