மென்பொருளுக்குத் தெரியாத திருட்டு



ஆய்வு நேர்மை பற்றிப் பேசச் சொன்னீர்கள். விதியிலிருந்தே தொடங்குகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. உங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானாலும் அந்தப் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம்.

நல்ல விதிதான். நம் வளாகங்களில் அது என்ன ஆனது? "எத்தனை பர்சன்ட் வந்துச்சு?" என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிப்போனது. ஒன்பது வந்தால் நிம்மதி. பதினொன்று வந்தால் பதற்றம். காசு கொடுத்தால் விழுக்காட்டைக் குறைத்துத் தரவும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 'கூறினார்' என்பது 'மொழிந்தார்' ஆகும். வாக்கியத்தின் முன்பாதி பின்னால் போகும். கருத்து மட்டும் அதே மனிதருடையது; அவர் பெயர்தான் எங்கும் இருக்காது.

தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பழைய ஆய்வேடுகள் பல, யூனிகோடு பரவுவதற்கு முன்பிருந்த எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் நமக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துகளின் வரிசை. அதைப் பார்த்து யூனிகோடில் அடித்துவிட்டால், இரண்டும் ஒன்றென்று மென்பொருளுக்குத் தெரியாது. யாரும் ஸ்கேன் செய்யாத அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தாலும் தெரியாது. இப்போது அத்தியாயத்தையே எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. இல்லாத நூலுக்குப் பக்க எண் கொடுக்கவும் அவை தயங்குவதில்லை. ஆக, ஒரு முழு ஏட்டையும் திருடிவிட்டு, சுத்தமான அறிக்கையோடு இந்த வளாகத்தை விட்டுப் போக முடியும்.

இதற்கு மாணவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. மாணவரிடம் உறுதிமொழி வாங்கச் சொல்லும் அதே விதி, நெறியாளரிடமும் சான்று கேட்கிறது. அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுகிறவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்: ஏட்டை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் போடுகிறீர்களா?

பிறரிடம் பெற்றதை மறைக்காமல் சொல்வதற்கு இந்த மண்ணில் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலம். முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர். அவருக்கே அந்த நூலின் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் நூல் அச்சாகி வந்தது. யாரிடம் கேட்டோம் என்பதை அவர் விழுங்கியிருந்தால் இன்று யாருக்குத் தெரியும்? தன் வாழ்க்கை வரலாற்றில் அதையெல்லாம் விரிவாக எழுதி வைத்தார். அவருடைய பதிப்புகளின் முகவுரைகளை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். எந்த ஏடு யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று பட்டியல் இருக்கும். ஒரு கவிராயர் வீட்டில் கிடைத்த சுவடிக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. எந்தக் குழுவும் எந்த விதியும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

உங்களில் பலர் கள ஆய்வுக்குப் போவீர்கள். வயல் வரப்பில் உட்கார்ந்து ஒரு அம்மா நடவுப் பாட்டைப் பாடிக் காட்டுவார். அதன் பொருளையும் அவரே பிரித்துச் சொல்வார். ஏட்டில் பாட்டு அவருடையதாகவும் விளக்கம் உங்களுடையதாகவும் வந்துவிடும். எந்த மென்பொருளும் இதைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது. அவர் சம்மதித்தால், விளக்கத்தின் அடிக்குறிப்பிலேயே அவர் பெயரை எழுதுங்கள். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியலோடு விட்டுவிடாதீர்கள்.

துறைத் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு துறையிலும் ஆய்வு நேர்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது விதி. இங்கே அந்தக் குழு, ஏட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே ஆய்வாளரை உட்காரவைத்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, "இதை எங்கே படித்தாய், யாரிடம் கேட்டாய், நீயாகக் கண்டது எது?" என்று கேட்கட்டும். வாய்மொழித் தேர்வு நாள்வரை காத்திருக்க வேண்டாம். அந்த அமர்வுக்கு என்னையும் அழைத்தால் தவறாமல் வருவேன்.